பாழ்நிலம் என்று பெயரிட்டோம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். இருபுறமும் நெல்லும் கரும்பும். எதிரே நீலத் திரை விரித்தாற்போல் கல்வராயன் மலைத்தொடர். வயல்கள் முடிந்து மலை தொடங்குவதற்கு முன்னால், இரண்டிலும் சேராத ஒரு நிலம் இடையே கிடக்கும். உசிலும் வெள்வேலும் ஆங்காங்கே நிற்க, காரை, களா, சூரை, கள்ளி என முட்புதர்கள் மண்டிய செம்மண் மேடு அது. மலையைக் காணப் போகிறவர்கள் அதைக் கடந்து போவார்கள். நின்று பார்ப்பவர் எவருமில்லை. அரசு ஏடுகளில் அதற்குத் தரிசு, புறம்போக்கு என்று பெயர். பேச்சு வழக்கில், "ஒன்றுக்கும் உதவாத முள்ளுக்காடு".

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் விளைந்த ஒரு பிழையைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பசுமை செய்யப் போய்…

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர்கள் சிலர் கூடி ஊருக்கு நன்மை செய்வோம் என்று முடிவெடுத்தோம். மரம் நடுவதைவிடச் சிறந்த அறம் ஏது? மலையடிவாரத்தில் சில ஏக்கர் முள்ளுக்காட்டைத் தேர்ந்தெடுத்து, முறைப்படி அனுமதியும் பெற்றோம். ஜே.சி.பி. இயந்திரம் வந்தது. இரண்டே நாளில் புதரெல்லாம் வேரோடு அகன்று நிலம் வெளுத்துக் கிடந்தது. 500 மரக்கன்றுகள் நட்டோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

அப்போது வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி, சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்ல காரியம்தான் செய்றீங்க பாய். ஆனா எங்க ஆடு இனி எங்க போய் மேயும்?" என்று கேட்டார். "இன்னும் நாலு வருஷத்தில் இங்கே நிழலே கிடைக்கும் அம்மா" என்று பெருமிதத்தோடு பதில் சொன்னேன். அவர் மறுமொழி கூறாமல் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான்கு வருடங்கள் வந்தன, நிழல் வரவில்லை. முதல் கோடையில் பாதிக் கன்றுகளும், அடுத்த கோடையில் மீதியில் பெரும்பகுதியும் கருகின. மழைக்காலத்தில் மேல்மண் கரைந்து ஓடி, நிலத்தில் வாய்க்கால் வாய்க்காலாகப் பிளவு விழுந்தது. பிறகு, நாம் நடாத ஒன்று அங்கே தானாக முளைத்து நிலம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அதுதான் சீமைக்கருவேல். பலவகைச் செடிகள் வாழ்ந்த இடத்தில் ஒரேவகைச் செடி குடியேறியது. ஆடுகளுக்கு மேய்ச்சல் போனது. நமக்கு நிழலும் கிடைக்கவில்லை.

முள்ளுக்குள் இருப்பவை

நாங்கள் அழித்தது என்ன என்பதைப் பின்னர்தான் ஒவ்வொன்றாக அறிந்துகொண்டேன்.

கல்வராயன் போன்ற கிழக்கு மலைகளில் உயரத்திற்கேற்பக் காடு மாறுகிறது. உச்சிப் பகுதிகளின் ஈரமான பள்ளத்தாக்குகளில் பசுமை மாறாச் சோலைகள்; அதற்குக் கீழே கோடையில் இலை உதிர்க்கும் காடு; அடிவாரத்தில் முட்புதர்க் காடு. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் தாவர உலர்களத்தை நடத்திவந்த அருட்தந்தை கே. எம். மாத்யூ, இம்மலைகள் உட்பட்ட தமிழகக் கர்நாடிகப் பகுதியின் செடிகொடிகளை ஆண்டுக்கணக்கில் சேகரித்து, 1980களில் பெருநூலாகவே வெளியிட்டார். அறிஞர் ஒருவர் வாழ்நாளைச் செலவிடத் தகுந்த செல்வம் நம் மலைகளில் இருக்கிறது.

அடிவாரப் புதர்க்காடு குள்ளமாக இருப்பது நோயினால் அன்று. அதுவே அதன் இயல்பு. ஆண்டில் ஏழெட்டு மாதம் வறட்சியைத் தாங்க வேண்டிய செடி, உயரத்திற்குச் செலவிட வேண்டியதை வேருக்குச் செலவிடுகிறது. இலையைச் சிறிதாக்கிக்கொள்கிறது, முள்ளை வளர்த்துக் காத்துக்கொள்கிறது. அந்த வேர்ப்பின்னல்தான் மலையிலிருந்து இறங்கும் மழைநீரைத் தடுத்து, மெதுவாக்கி, மண்ணுக்குள் அனுப்புகிறது. புதர் போனால் நீர் மண்ணையும் சுமந்துகொண்டு ஓடும்; அந்த மண் ஓடைகளிலும் அணையிலும் படியும். கோமுகியும் மணிமுக்தாவும் நிரம்புவதைக் கொண்டே நம் உழவர்களின் ஆண்டு அமைகிறது. அந்த நீருக்கும் முள்ளுக்காட்டுக்கும் உள்ள உறவை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

களாப்பழமும் காரைப்பழமும் இலந்தையும் சிறுவர்களுக்குக் காசில்லாத தின்பண்டம். ஆவாரம்பூ வீட்டு மருந்து. வேலி கட்ட முள், அடுப்பெரிக்கச் சுள்ளி, ஆட்டுக்குத் தழை. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பம், இந்தப் பொதுநிலத்தை நம்பியே நான்கு ஆடுகளை வளர்க்கிறது. அந்த மூதாட்டியின் கேள்வியில் அடங்கியிருந்த கணக்கு இதுதான்.

செம்மணலில் ஒரு பாடம்

புதர்க்காட்டின் மதிப்பை முழுமையாக நான் உணர்ந்தது நம் மாவட்டத்தில் அன்று, தென்கோடியில். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகக் காயல்பட்டினம் சென்றிருந்தபோது, அங்கிருந்த முதியவர் ஒருவர், "தேரியைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "மணல்மேடுதானே காக்கா, அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, மறுநாள் காலை என்னைக் காயாமொழிப் பக்கம் அழைத்துச் சென்றார்.

குதிரைமொழித் தேரியை முதன்முதலில் காண்பவர் திகைத்து நிற்பார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை குருதிச் சிவப்பில் மணற்குன்றுகள். நம் கல்வராயன் அடிவாரத்தில் கல்லும் செம்மண்ணும் கலந்த தரையில் வளரும் அதே முட்புதர்க் குடும்பம், அங்கே தூய மணலின்மேல் வளர்ந்து நிற்கிறது. குடையை விரித்தாற்போல் தட்டையான உச்சியுடன் குடைவேல் மரங்கள்; 'உடை' என்பது அவற்றின் வட்டாரப் பெயர். இடையிடையே விராலி, எருக்கு, பனை, மக்கள் நட்ட முந்திரி. புதர்க்காட்டிலேயே அரிய வகை இது.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தென்பகுதியில், திருச்செந்தூர், சாத்தான்குளம், இராதாபுரம் வட்டாரங்களில் இத்தேரிகள் திட்டுத்திட்டாகப் பரவியுள்ளன. மொத்தப் பரப்பு சுமார் 20,000 ஹெக்டேர் எனக் கணக்கிடப்படுகிறது. இதையொத்த செம்மணற் படிவுகள் ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்தை அடுத்தும், இலங்கையின் வடமேற்குக் கரையோரத்திலும் உள்ளன. உலகில் எங்கும் எளிதாகக் காணக்கூடிய நிலமன்று.

மணலுக்கு இச்சிவப்பு எப்படி வந்தது? ஒவ்வொரு மணற்பரலின் மீதும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. மணலோடு கலந்துள்ள இரும்புச் சத்துள்ள கனிமங்கள் காற்றாலும் ஈரத்தாலும் சிதைந்து தந்த நிறம் அது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கடைசிப் பனியுகத்தில் உலகெங்கும் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது வெளிப்பட்டுக் கிடந்த கடலடி மணலையும் ஆற்று மணலையும் காற்று வாரிக் குவித்ததில் இக்குன்றுகளுக்குப் பங்குண்டு என அறிஞர் கருதுகின்றனர்.

இங்கே மனிதனும் மிகப் பழங்காலத்திலேயே வாழ்ந்திருக்கிறான். பளிங்குக் கல்லைச் சிறு சிறு சில்லுகளாக உடைத்துக் கருவியாக்கிய கற்கால மக்களின் எச்சங்கள் தேரிகளில் கிடைத்துள்ளன. அவற்றை விரிவாக ஆராய்ந்து சொய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் 1956 ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டனர். இந்தியத் தொல்லியலில் 'தேரிப் பண்பாடு' என்றே ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

மணல் குடிக்கும் நீர்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வறண்ட காற்று மட்டும் சீறி வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்று தேரி மணலை அள்ளி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை.

அந்தச் சிறிய மழையைத் தேரி வீணாக்குவதில்லை. மணலில் விழும் நீர் ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே இறங்கிவிடுகிறது. மேலே இருக்கும் மணல் விரைவில் காய்ந்து, கீழே உள்ள ஈரத்திற்குப் போர்வையாகிவிடுகிறது. ஆழத்தில் தங்கிய நீர் மெல்ல நகர்ந்து, தேரியின் ஓரங்களில் ஊற்றாகவும் கிணற்று நீராகவும் வெளிப்படுகிறது. தேரியோரம் மேலப்புதுக்குடியில் உள்ள அய்யனார் கோயிலுக்கு 'அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்' என்று பெயர். செம்மணற் காட்டின் விளிம்பில் ஒரு நன்னீர்ச் சுனை எவ்வளவு அரியது என்பதை அப்பெயரே உணர்த்தி நிற்கிறது.

கடலுக்கு இத்தனை அருகில் நிலத்தடியில் நன்னீர் தங்கியிருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நன்னீரின் அழுத்தம் இருக்கும்வரை உப்புநீர் உள்ளே புகாது. அது குறைந்தால் கடல் நிலத்தடி வழியாகக் கிணறுகளுக்கு வந்துவிடும். ஆகவே தேரி என்பது சுற்றுப்புற ஊர்களுக்கு ஒரு நீர்த்தொட்டி. அதோடு ஓர் அணைச்சுவர். "மழை பெய்தால் நாங்கள் வாளியைத் தேடுவோம், தேரி தானே வாளி" என்றார் என்னை அழைத்துச் சென்ற பெரியவர்.

அங்கே வாழ்பவர்கள்

தேரியின் மேல் அதிகாலையில் நடந்தால், மணலில் இரவு எழுதப்பட்ட ஏட்டைப் படிக்கலாம். முயலின் தடம், கீரியின் தடம், பாம்பு ஊர்ந்த வளைகோடு, கௌதாரியின் மூவிரல் பதிவு. கோடை இறுதியில் ஆண் விசிறித்தொண்டை ஓணான், மேடான இடத்தில் ஏறி நின்று, தொண்டைச் சவ்வை விசிறியாக விரித்துக் காட்டித் துணையை அழைக்கும். தென் தமிழகச் சமவெளியில் வாழும் இவ்வோணான்களில் ஒன்று புதிய இனம் என்று 2016 ஆம் ஆண்டுதான் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் 'சிட்டானா மருதம்நெய்தல்'. நம் முன்னோர் வகுத்த திணைப் பெயர்கள் ஓர் ஓணானின் பெயரில் உலக அறிவியலில் ஏறிவிட்டன! வெட்டவெளியும் வெயிலும்தான் இவ்வுயிர்க்கு வீடு. அடர்ந்த நிழல் விழுந்தால் அதற்கு அங்கே இடமில்லை.

புதர்நிலங்களின் மற்றொரு குடிமகன் நட்சத்திர ஆமை. ஓட்டின்மேல் உள்ள அழகிய கோலமே அதற்குப் பகையாகிவிட்டது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுவோருக்காக அது நாடு கடத்தப்படுகிறது. 2019 ஆம் ஆண்டு அதன் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "அதிர்ஷ்டம் தரும்" என்று சொல்லி யாரேனும் விற்க வந்தால் நம் வீட்டார் ஏமாந்துவிடக் கூடாது.

மனிதரும் தேரியின் குடிகளே. பனையேறிகள் மணலில் வேரூன்றிய பனையிலிருந்து பதநீர் இறக்க, அவர்கள் வீட்டுப் பெண்கள் அதைக் காய்ச்சுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் மணம் இந்த மண்ணிலிருந்தே எழுகிறது.

மூன்று ஆபத்துகள்

முதலாவது, தோண்டுதல். தேரி மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் உண்டு. வெள்ளை வர்ணப் பூச்சுக்குத் தேவையான டைட்டானியம் டை ஆக்சைடு அதிலிருந்து கிடைக்கும். சாத்தான்குளம், இராதாபுரம் பகுதிகளில் இதற்காக டாட்டா நிறுவனம் தீட்டிய பெருந்திட்டம், 2007 ஆம் ஆண்டு மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்து நின்றுபோனது. வேலைவாய்ப்பு வரும் என்று ஆதரித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் தேவையையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கனிமத்தைப் பிரித்துவிட்டு மணலைத் திரும்பக் கொட்டினாலும், வேரும் படிவ அடுக்கும் பல்லாயிரம் ஆண்டு அமைப்பும் திரும்ப வாரா. கட்டவிழ்ந்த மணல் ஆடிக் காற்றில் வயல்களை நோக்கிப் புறப்படும்.

இரண்டாவது, சீமைக்கருவேல். 1877 ஆம் ஆண்டு விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கென்று இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்ட இம்மரம், இன்று மலையடிவாரத்திலும் மணலிலும் நாட்டுச் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது. 2022 ஆம் ஆண்டு தமிழக அரசு அயல்படர் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வகுத்தது. எனினும் இயந்திரம் வைத்து ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்தால் அந்த வெற்றிடத்தில் அதுவே மீண்டும் முளைக்கும். கருவேலை மட்டும் பார்த்து அகற்றி, நாட்டுப் புதரை விட்டுவைக்கும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது ஆபத்து நல்லெண்ணம்! நாங்கள் செய்ததுபோல், மரமில்லாத இடமெல்லாம் மரத்திற்காகக் காத்திருப்பதாக எண்ணிக் குழி வெட்டுவது. இதற்கு வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. வரி தராத நிலத்தைப் பாழ்நிலம் என்று ஆங்கிலேயர் ஏடுகளில் எழுதினர். விடுதலைக்குப் பின்னும் நாம் அச்சொல்லைக் கைவிடவில்லை. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பாழ்நில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலமும் மணல்நிலமும் பாழ்நில வகைகளாகவே இடம்பெற்றன. பாழ் என்று பெயரிட்ட பின் அதை அழிக்க யார் தயங்குவர்?

பெயர் மாறினால் பார்வையும் மாறும். விசாகப்பட்டினத்துச் செம்மணல் மேடுகளை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2014 ஆம் ஆண்டு புவிமரபுச் சின்னமாக அறிவித்தது. நம் மாநிலத்திலேயே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் வறண்ட காட்டை, தேவாங்கு என்னும் சிற்றுயிருக்காக 2022 ஆம் ஆண்டு கடவூர்ச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதே ஆண்டு மதுரை அரிட்டாபட்டி, மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம், தம் மண்ணின் மதிப்பறிந்த மக்கள் எழுந்து நின்றதால் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று.

உமர் (ரலி) காத்த மேய்ச்சல் நிலம்

பாலை சூழ்ந்த அரபு நாட்டில் புதரின் அருமையை அறிந்திருந்தார்கள். அங்கே 'ஹிமா' என்னும் காப்பு நிலங்கள் இருந்தன. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய நிலத்திற்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்தபோது இட்ட கட்டளை புகாரி நூலில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடவேண்டும்; உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளை அனுமதிக்கக் கூடாது. செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு ஆட்சியாளரிடமே வந்து நிற்பார் என்பது அவர்கள் காட்டிய காரணம். புல்லும் புதரும் காக்கப்பட வேண்டும். அந்தக் காவல் ஏழைக்கு வேலியாகவும் கூடாது. இரண்டையும் ஒருசேர எண்ணிய ஆட்சி அது.

இதைப் படித்தபோது, ஆடுகளைத் திருப்பிக்கொண்டு சென்ற அந்த மூதாட்டியின் முகமே என் கண்முன் நின்றது.

நம்மால் ஆவது

பெரிய காரியங்கள் வேண்டாம். நம் ஊர்ப் புறத்தே ஒரு முள்ளுக்காடு இருந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது அதற்குள் நடந்து பாருங்கள். அங்குள்ள செடிகளின் பெயரை ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். அவரே அந்நிலத்தின் பேராசிரியர். மரம் நட விரும்புவோர் தெருவோரத்திலும், பள்ளி வளாகத்திலும், வீட்டுப் பின்புறத்திலும் நடலாம். இருக்கும் புதரை அழித்து நட வேண்டாம். கபர்ஸ்தானைச் சுத்தம் செய்யும்போது பாதையையும் கபர் தோண்டும் இடத்தையும் ஒழுங்கு செய்துவிட்டு, ஓரத்து நாட்டுச் செடிகளை நிற்கவிடலாம். கிராம சபையில் பொதுநிலம் பற்றிய பேச்சு எழுந்தால், அது யாருக்கு மேய்ச்சல், யார் கிணற்றுக்கு நீர் என்று ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

சென்ற மார்கழியில் மலையடிவாரத்து அந்த நிலத்திற்கு மீண்டும் போனேன். சீமைக்கருவேலைச் சிறிது சிறிதாக வெட்டியெடுத்த ஒரு மூலையில், யாரும் நடாமலே ஆவாரையும் காரையும் தலைகாட்டியிருந்தன. மண்ணுக்குள் விதை காத்திருந்திருக்கிறது. அருகே நான்கைந்து வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டி வந்தவர் அந்த மூதாட்டியல்லர், ஓர் இளம்பெண். நாங்கள் வெட்டி வீழ்த்தியது திரும்பி வர இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, இறைவனே அறிவான். அதுவரை அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நாங்கள் செய்யக்கூடிய பரிகாரம்.